கூம்பு விழியும் குழித்தறியும்

போன மாதம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் என்னை ஒரு மெஷினில் முகவாயை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். "கண்ண மூடாதீங்க மேடம்" என்று அங்கே வேலை செய்யும் பெண் சொல்லி முடிப்பதற்குள், பக்கத்துத் திரையில் என் கருவிழி வரைபடமாக வந்து நின்றது. பச்சை, மஞ்சள், ஓரத்தில் கொஞ்சம் நீலம். புடைப்பு இருந்தால் அந்த இடம் சிவப்பாகத் தெரியுமாம். "உங்களுக்குச் சிவப்பே இல்ல மேடம், சூப்பர் கார்னியா" என்றாள். எழுபதைத் தாண்டிய கிழவியிடம் சூப்பர் என்று சொல்ல ஏதோ ஒன்று மிச்சமிருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கருவிழி கூம்பாகப் புடைக்கும் நோயைப் பற்றி அந்தப் பெண்தான் கேட்டாள். "இந்த மெஷின் இல்லாத காலத்துல கெரட்டோகோனஸ எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"கத்திக் கண்டுபிடிச்சேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. விவரமாக எழுதிக் கொடுங்கள் என்று பிறகு கேட்டதால் எழுதுகிறேன். பழைய காலம் பொற்காலம் என்று புலம்ப மாட்டேன், பயப்பட வேண்டாம். அந்த மெஷின் அன்றைக்கு எங்களிடம் இருந்திருந்தால் அதைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன்.

நான் வேலை பார்த்தது உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் கண் பிரிவில். கண் பரிசோதித்துக் கண்ணாடிப் பவர் எழுதுவது என் வேலை. மெட்ராஸில் கொஞ்ச காலம் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஹாஸ்டல் சாம்பாரைத் தவிர எல்லாம் நன்றாக இருந்தது. எழுபதுகளின் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தேன். சரோஜா என்கிற என் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கெல்லாம் நான் கண்ணாடியம்மா.

எங்கள் டாக்டர் ஜெயசீலனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தெற்கத்திக்காரர். கைக்குழந்தையைக்கூட "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். இருட்டறையில் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கும்போது ஃபேனை நிறுத்தச் சொல்லிவிடுவார். காற்றுப் பட்டால் நோயாளி இமைப்பாராம். சித்திரை வெயிலில், ஜன்னலெல்லாம் சாத்திய அறையில், ஃபேன் இல்லாமல்! வியர்வை சொட்டும். அவர் தோளில் ஒரு துண்டு, என் தோளில் ஒரு துண்டு. பார்த்து முடித்ததும் "இன்னொரு தடவை" என்பார். முதல் தடவை பார்த்ததை அவர் நம்பியதே கிடையாது. நான் எத்தனையோ தடவை உள்ளுக்குள் திட்டியிருக்கிறேன்.

அவரிடம் இன்னொரு பழக்கம். என்ன உடம்புக்கு என்று கேட்க மாட்டார். "உங்களுக்கு எதைப் பார்க்கணும்?" என்றுதான் கேட்பார். ஜனங்களும் பதில் சொல்வார்கள். ஒருத்தி அரிசியில் கல் தெரியணும் என்பாள். ஒருவர் வயலுக்கு அந்தப் பக்கம் நிற்பது மாடா ஆளா என்று தெரிந்தால் போதும் என்பார். அதற்குத் தகுந்த மாதிரி கண்ணாடி. இதை மட்டும் நான் அவரிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. காஞ்சிபுரம் போகும் வழியில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஏகாம்பரம் என்ற பட்டு நெசவாளர் தன் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். மகன் பெயர் சம்பந்தம். இருபது வயதுக்குள் இருக்கும். மெலிந்த பையன், கண்ணோரமெல்லாம் சிவந்து கிடந்தது. சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடிகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. ஒன்று கடையில் போட்டது, ஒன்று கண் முகாமில் கொடுத்தது, ஒன்று யாரோ சொந்தக்காரருடையது. எதைப் போட்டாலும் தெரியவில்லை என்றான்.

உட்கார வைத்து எழுத்து அட்டையைக் காட்டினேன்.

"இன்னா எழுத்து அது?"

"ட மாரி கீது. அது மேல இன்னொரு ட நிக்கிது. பக்கத்துல ஒண்ணு சாஞ்சிக்கினு கீது."

"அங்க கீறது ஒரே ஒரு எழுத்துதாம்பா."

"எனுக்கு மூணு தெரிதே."

ஒரு கண்ணை மூடிவிட்டுக் கேட்டேன். அப்போதும் மூணுதான். லென்ஸைச் சாய்த்துத் திருப்பினால் இப்படித் தேவலை என்பான். அதையே மறுபடி வைத்தால் இல்லை, அப்படித்தான் தேவலை என்பான். வரிசையில் இருந்த ஜனம் வாசல் வரை நிற்கிறது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்பா, விளையாடறியா? ஒயுங்கா ஒண்ணு சொல்லு! போ, வெளியில போய் மூஞ்ச கழுவிக்கினு வா!" என்று கத்தினேன்.

"இவன் இப்டித்தாம்மா" என்றார் ஏகாம்பரம், எனக்கு ஒத்து ஊதுகிற மாதிரி. "நெலாவ பாத்தா நாலு நெலான்றான். இவங்க அம்மா பயந்துபோயி கோயில் கோயிலா இட்டுக்கினு போயி மந்திரிச்சா. நோய்க்கும் பாரு பேய்க்கும் பாருன்னு சொல்லுவாங்களே. பேய்க்குப் பாத்தாச்சி. நீங்க நோய்க்குப் பாருங்க."

வெளியே போனவன் திரும்பி வருவதாகக் காணோம். நானே எழுந்து போய்ப் பார்த்தேன். வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு, ஒரு துண்டு அட்டையைக் கண்ணை ஒட்டிப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். செங்கல்பட்டு பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அதன் நெற்றியில் எழுதியிருந்ததை அவன் வாய்க்குள்ளேயே படித்தான். எழுத்து அட்டையில் முதல் எழுத்தை மூன்றாகப் பார்த்த அதே பையன்!

"இன்னாது அது? குடு இங்க."

திருடினவன் மாதிரி நீட்டினான். ஜக்கார்டு அட்டை. பட்டுப் புடவையில் டிசைன் எடுக்கத் தறிக்கு மேலே சங்கிலியாகக் கோத்துத் தொங்கவிடுவார்களே, ஓட்டை ஓட்டையாகப் போட்ட அட்டை, அதில் கிழிந்துபோன ஒன்றின் துண்டு.

"தறில ஒக்காந்துக்கினு இருக்கும்போது ஒரு நாள் சும்மா இந்த ஓட்ட வயியா பாத்தேன். கொஞ்சம் தேவலாம் போல இருந்திச்சி. அது பெரிய ஓட்ட. அதனால ஊசியால சின்னதா ஒண்ணு குத்துனேன். அதுல பாத்தா ஒண்ணு ஒண்ணாவே தெரிது. நைனா கையில சொல்லிடாதீங்கம்மா. அட்டைய கியிச்சிட்டான்னு அடிப்பாரு."

அவன் குத்தியிருந்த ஊசி ஓட்டை வழியாக நானும் பார்த்தேன். எங்கள் சோதனைப் பெட்டியிலும் இதே மாதிரி நடுவில் ஊசி ஓட்டை போட்ட கறுப்பு வட்டம் ஒன்று உண்டு. கண்ணின் உட்புறம் கெட்டிருந்தால் அதன் வழியாகப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. தெரிகிறது என்றால் உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறது, ஒளி உள்ளே வருகிற பாதையில்தான் கோணல் என்று அர்த்தம். பையன் பொய் சொல்லவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. கையைப் பிடித்துக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே டாக்டரிடம் போனேன்.

டாக்டர் முதலில் அட்டையை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "பிரமாதம் தம்பி" என்றார். பிறகு வழக்கமான கேள்வி. "உங்களுக்கு எதைப் பார்க்கணும்?"

"கோர்வை தெரியணும் சார்."

அதை நான் விளக்கியாக வேண்டும். காஞ்சிப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கட்டைக்கு நாடா என்று பெயர். உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா ஓடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு நிற நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும். அதுதான் கோர்வை. நடுவில் குழியில் கால் விட்டு உட்கார்ந்திருப்பவர் உடலை நெய்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் துணையாள் கரை நாடாவைத் தள்ளுவான். ஏகாம்பரம் நடுவில், சம்பந்தம் பக்கத்தில். ஒரு கொக்கி தவறினாலும் கரை தனியாக, உடல் தனியாகப் பல்லைக் காட்டிவிடும்.

"போன பொடவைல மூணு எடத்துல உட்டுட்டான் சார்" என்றார் ஏகாம்பரம். "தை பொறக்கட்டும்னு பாக்கறேன். எங்க மாப்பிள்ளய பக்கத்துல ஒக்கார வச்சிடுவேன். இவன் ரைஸ் மில்லுக்குப் போயி மூட்ட தூக்கட்டும். கண்ணுக்கு வேல இல்லாத எடம். அங்கயாவது கண்ணு கொஞ்சம் ஓய்வா இருக்கும்."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. மகன் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். அதுதான் சம்பந்தத்துக்குத் தாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இரண்டு கையாலும் கண்ணை அழுத்திக் கசக்கினான், மாவு பிசைகிற மாதிரி. டாக்டர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபேனை நிறுத்தினோம். டாக்டர் கருவியின் வெளிச்சக் கோட்டைச் சம்பந்தத்தின் கண்பாப்பாவுக்குள் அடித்து மெதுவாக அசைத்தார். சாதாரணக் கண்ணில் உள்ளிருந்து திரும்பி வரும் சிவந்த ஒளி ஒரே பட்டையாக நகரும். "இன்னொரு தடவை" என்றார். பிறகு கருவியை என் கையில் கொடுத்தார். பார்த்தேன். ஒளி இரண்டு பட்டையாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்தது. கத்தரிக்கோல் வாயைத் திறந்து மூடுகிறதே, அச்சு அசல் அப்படி. புத்தகத்தில் படித்ததோடு சரி, கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இப்போ தலையை ஆட்டாம தரையைப் பாருங்க தம்பி" என்றார். பார்த்தான். கீழ் இமையின் விளிம்பு வளைவாக இல்லாமல் நடுவில் முனையாகத் தள்ளிக்கொண்டு நின்றது. உள்ளே ஏதோ கூர்மையாக முட்டிக்கொண்டிருக்கிற மாதிரி.

இன்னும் ஒரு சோதனை பாக்கி. கறுப்பும் வெள்ளையுமாக வட்டத்துக்குள் வட்டம் போட்ட தகடு ஒன்று உண்டு. அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து நடு ஓட்டை வழியாகப் பார்த்தால் கருவிழியில் அந்த வட்டங்கள் கண்ணாடியில் தெரிகிற மாதிரி தெரியும். எங்களிடம் அந்தத் தகடு இல்லை. பஸ்ஸுக்கு ஊர்ப் பெயர் எழுதுகிற பெயிண்டரைக் கூப்பிட்டு ஒரு டின் மூடியில் டாக்டர் எழுதி வாங்கி வைத்திருந்தார். அந்த ஆள் பழக்க தோஷத்தில் ஓரத்தில் சிவப்பு பார்டர் வேறு போட்டுக் கொடுத்திருந்தான். ஜனங்கள் அதைச் சக்கரம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். குழந்தைக்கு ஒரு தடவை காட்டும்மா, கண்ணேறு போகட்டும் என்று கேட்டவர்களும் உண்டு. நானும் காட்டியிருக்கிறேன், காட்டினால் என்ன போச்சு.

சம்பந்தத்தின் கருவிழியில் அந்த வட்டங்கள் வட்டமாகவே இல்லை. கீழ்ப்பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு முட்டை முட்டையாகக் கிடந்தன. இரண்டு கண்ணிலும் அப்படியே.

டாக்டர் விளக்கைப் போட்டு ஃபேனை ஓடவிட்டார். ஏகாம்பரத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். "சைக்கிள் டியூபில ஓரிடம் நைஞ்சு போனா, காத்தடிக்கும்போது அந்த இடம் மட்டும் புடைக்குமில்லையா? இவர் கண்ணுக்கு முன்னாலே இருக்கிற கண்ணாடி மாதிரியான தோல் அப்படி நைஞ்சு, கூம்பா முன்னாலே வருது. அதனாலே ஒண்ணு மூணாத் தெரியுது. மூக்குக் கண்ணாடி இதை நேர் பண்ணாது. இவர் பொய் சொல்லலை. பேயும் இல்லை."

"குருடாயிடுவானா சார்?"

"மாட்டார். ஆனா இந்த வயசிலே இது வளரும். கசக்கக் கசக்க இன்னும் வேகமா வளரும்னு நான் நினைக்கிறேன். முப்பது முப்பத்தஞ்சு வயசுக்கு மேலே பெரும்பாலும் அடங்கிடும். அதுவரைக்கும் காப்பாத்தணும்." ரொம்பவும் முற்றினால் இறந்தவர் கண்ணிலிருந்து கருவிழி எடுத்து வைக்கும் ஆபரேஷன் இருக்கிறது, ஆனால் அது கடைசி வழி என்றும் சொன்னார். சம்பந்தத்துக்கு அது கடைசி வரை தேவைப்படவில்லை.

பிறகு டாக்டர் கேட்டதை நான் மறக்கவே மாட்டேன். "தம்பி, தறியிலே உட்கார்ந்திருக்கும்போது கண்ணைக் கசக்குவீங்களா?"

சம்பந்தம் யோசித்தான். "எங்க சார், கை ரெண்டும் வேலைல கீதே. எய்ந்து வந்தப்புறம்தான்."

டாக்டர் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா ஐயா? நெசவு இந்த நோயைக் கொண்டுவரலை. மில்லிலே உமி, தவிடு, தூசி. கண்ணு நமைக்கும். கையும் சும்மா இருக்கும். ஓய்வு கொடுக்கிறதா நினைச்சு நீங்க இவரைத் தறியை விட்டு எழுப்பினா, நீங்களே கண்ணைக் கெடுத்த மாதிரி ஆயிடும்."

ஏகாம்பரம் சும்மா இருக்கவில்லை. "கண்ணு தெரியாதவன தறில வச்சிக்கினு நான் இன்னா சார் பண்றது? பாவு பூரா பட்டு. ஊரான் வூட்டுக் கல்யாணப் பொடவ. நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டீங்க."

நியாயமான கேள்வி. டாக்டரும் நியாயம் என்றே ஒத்துக்கொண்டார். கருவிழி மேலேயே ஒட்டி உட்காருகிற கெட்டியான சின்ன லென்ஸ் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் கூம்புக்கு மேல் வழவழப்பாக ஒரு புது மூடி போட்ட மாதிரி ஆகும், மெட்ராஸில் அளவெடுத்துக் கடைந்து கொடுப்பார்கள் என்றார். தை மாதம் வரைக்கும் பொறுக்கச் சொன்னார். நமைச்சலுக்குச் சொட்டு மருந்தும், நமைத்தால் ஈரத்துணி வைத்துக்கொள்வதும், கசக்கவே கூடாது என்பதும் அதுவரைக்கும் வைத்தியம்.

கசக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏகாம்பரம் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டார் என்றால் சும்மாவா! மகன் கை முகத்துப் பக்கம் போனாலே "கையெடு!" என்று ஓர் அதட்டல். மூக்கைச் சொறியப் போனாலும் "கையெடு!" தெருவில் இருக்கும் பொடிசுகளெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு, சம்பந்தம் நடந்து போனால் "கையெடு! கையெடு!" என்று கூவிக்கொண்டு பின்னால் ஓடும். பேஜாராப் போச்சும்மா என்று அவனே என்னிடம் அழாத குறையாகச் சொன்னான். ஆனால் அடுத்த தடவை வந்தபோது கண் சிவப்பு பாதிக்குப் பாதி குறைந்திருந்தது.

லென்ஸுக்கு மெட்ராஸ் போனபோது நானும் கூடப் போனேன். லென்ஸ் கடைகிறவர் பல அளவுகளை மாட்டிப் பார்த்து, பச்சைச் சாயம் விட்டு, எங்கே ஒட்டுகிறது எங்கே தூக்குகிறது என்று நாள் முழுக்கப் பார்த்தார். முதலில் உள்ளே வைத்ததும் சம்பந்தம் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். மிளகாய்ப் பொடி போட்ட மாதிரி கீது என்று துள்ளினான். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் நின்றது. நிமிர்ந்து பார்த்தான். எதிரே பெஞ்சில் அவன் அப்பா உட்கார்ந்திருந்தார்.

"நைனா," என்றான், "உன் மீசைல எப்ப நரச்சிச்சி?"

ஏகாம்பரம் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். லென்ஸ்காரர் சிரித்தார், நான் சிரித்தேன். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததா என்பது சந்தேகம்தான். என் வீட்டுக்காரர் இதைப் படிக்காமல் இருக்கட்டும்.

ஊருக்குத் தயாராகி வந்த லென்ஸைப் போட, எடுக்க, கழுவ எல்லாம் அவனுக்குக் கற்றுக் கொடுத்தோம். சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆயிரம் தடவை சொல்லி அனுப்பினோம். அதுதான் வினையாகப் போனது.

கொஞ்ச நாளில் அவன் அம்மா தனபாக்கியம் குங்குமச் சிமிழை முந்தானையில் முடிந்துகொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். சிமிழுக்குள் இரண்டு லென்ஸும் இருந்தன. போட்டால் குத்துகிறதாம், பழையபடி கோணலாகத் தெரிகிறதாம். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஓரம் நெளிந்து, சின்னக் கிண்ணம் மாதிரி இருந்தது வாய் கோணிக் கிடந்தது.

"இன்னாம்மா பண்ணீங்க இத்த?"

"நான் ஒண்ணும் பண்ணலியே! சுத்தமா வச்சிக்கணும்னு சொன்னீங்களாமே. கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்தேன், அவ்ளோதான்."

"கொதிக்க வச்சீங்களா! யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நீங்கதான ஊசிய அப்டிக் கொதிக்க வைக்கிறீங்க! ஸ்டவ்ல டப்பாவ வச்சி, கண்ணாடி ஊசிய போட்டு, பொறவு இடுக்கியால எடுக்கிறீங்க. இந்தக் கண்ணாலதான் பாத்தேன். கண்ணுக்குள்ள போற சாமான் ஆச்சே, வெறும் பச்சத் தண்ணில கழுவுனா போதுமான்னு நான்தான்..." என்று அழுதாள்.

நான் வாயைத் திறந்தேன், திட்டத்தான். ஆனால் என்ன சொல்லித் திட்டுவது? எங்கள் ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் ஊசி கொதிக்கிற சத்தம் கேட்காத ஆளில்லை. சுத்தம் என்றால் கொதிக்க வைப்பது என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தது நாங்கள்தான். அந்த லென்ஸ் ஒருவகை பிளாஸ்டிக், சூடு பட்டால் உருவம் மாறிவிடும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? டாக்டர் எழுந்து நின்று அவளைக் கும்பிட்டார். "அம்மா, உங்க அளவுக்குச் சுத்தம் பார்க்கிறவங்க இருந்தா எனக்குப் பாதி நோயாளி குறைவாங்க. உங்க மேலே தப்பில்லை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, இனிமேல் லென்ஸ் பாடம் நோயாளிக்கு மட்டுமில்லை, அவர் வீட்டு அடுப்பு யார் கையில் இருக்கிறதோ அவருக்கும் சேர்த்துத்தான் என்றார். நான் ஓய்வு பெறும் வரை அதை விடவில்லை.

புது லென்ஸ் கடைந்து வர நாளாகும். தை நெருங்கிக்கொண்டிருந்தது. தறியில் பாதிப் புடவை. மாப்பிள்ளை துணிமணியோடு வந்து இறங்கியாகிவிட்டது என்று தனபாக்கியம் சொன்னாள். என்னால் இருப்புக்கொள்ள முடியவில்லை. சம்பந்தத்தின் பழைய கண்ணாடி ஒன்றை வாங்கி, லென்ஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஜக்கார்டு அட்டையை வட்டமாக வெட்டி மாட்டினேன். டாக்டர் உட்கார்ந்து பொறுமையாக ஊசியால் கிட்டக் கிட்ட ஓட்டை போட்டார். அட்டையைக் கையில் பிடித்தால் நெய்ய முடியாது. மூக்கில் மாட்டினால் இரண்டு கையும் சும்மா இருக்குமே.

சம்பந்தம் அதை மாட்டிக்கொண்டு தறிக்குப் போனான். இருட்டாகத் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, பட்டப்பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நெய்ய முடியும். தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்ததாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் கோர்வையில் ஒரு கொக்கி தவறவில்லை. மெதுவாக வளர்ந்தது புடவை, அவ்வளவுதான். ஏகாம்பரம் மாப்பிள்ளையைப் பார்த்து, "ரெண்டு நாளு பொறு" என்றாராம். இப்படியே சொல்லிச் சொல்லிப் பொங்கலும் வந்துவிட்டது.

பொங்கல் கழித்து லென்ஸ் வந்தது. டாக்டர் போட்டுப் பார்த்து, "இன்னொரு தடவை" போட்டுப் பார்த்து, சரி என்றார். அன்றைக்கே என்னைச் சம்பந்தத்தோடு பஸ்ஸில் அவன் வீட்டுக்கு அனுப்பினார், தனபாக்கியத்துக்குப் பாடம் எடுக்க. பச்சைத் தண்ணீர், கழுவி சோப்புப் போக அலசிய கை, அடுப்புப் பக்கமே போகக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினேன். அவளையும் செய்ய வைத்தேன். தறி இருந்த அறையில் ஏகாம்பரமும், மாப்பிள்ளையும், நானும், அவளும், வாசற்படி நிறைய அக்கம்பக்கத்துச் சனமும்.

ஏகாம்பரம் மகனைக் கொஞ்ச நேரம் வாசலில் நிற்கச் சொன்னார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தறி மேல் குனிந்து என்னவோ செய்தார். பிறகு கூப்பிட்டார்.

"வா. பாவுல ஒரு நூல அறுத்து உட்டுக்கீறேன். எதுன்னு சொல்லு."

அரக்கு நிறப் பாவு, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய, முடியை விட மெல்லிய பட்டு நூல்கள், ஆயிரக்கணக்கில். நான் எவ்வளவோ உற்றுப் பார்த்தேன், எல்லாம் ஒரே அரக்காகத் தெரிந்ததே தவிர அறுந்தது எது என்று சத்தியமாகத் தெரியவில்லை. மனுஷனுக்கு ஆஸ்பத்திரி எழுத்து அட்டை மேல் நம்பிக்கையில்லை. தன் தறியையே அட்டையாக்கித் தானே சோதனை வைக்கிறார். இதில் தவறினால் பக்கத்து இடம் மாப்பிள்ளைக்கு என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். தனபாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சம்பந்தம் குனிந்தான். இடது கோடியிலிருந்து மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தான். பாதி தாண்டினான். நின்றான். விரல் நுனியால் ஒரு நூலை எடுத்தான். அறுந்த முனை. இன்னொரு முனையையும் தேடிப் பிடித்து, சாம்பலைத் தொட்டுத் திரித்துச் சேர்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"இது ஒண்ணு. அந்தக் கோடில இன்னொண்ணு இத்துப்போயி கீது நைனா. அது நீ அறுக்கல. தானா போயிருக்கு."

ஏகாம்பரம் கிட்டப் போய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தறியின் பக்கத்தில் மகன் வழக்கமாக உட்காருகிற பலகையில், கரை நாடா தள்ளும் துணையாள் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"நான் எங்க ஒக்கார்றது?" என்றான் சம்பந்தம் புரியாமல்.

"எங்கன்னா கேக்கற? குழில காலு உடு. நீ நெய். நான் கோர்வ போட்றேன்."

சம்பந்தம் குழியில் இறங்கினான். மிதியை மிதித்தான். நாடா ஓடியது. ஏகாம்பரம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் புறங்கையைக் கண்ணுக்குக் கொண்டுபோய் ஒரு தேய் தேய்த்தார்.

தறிச் சத்தம் நிற்கவில்லை. மகன் நாடாவை விடாமலே ஓர் அதட்டல் போட்டான்.

"நைனா! கையெடு!"